ப்ரீமெட் மாணவர் முதல் செமஸ்டரிலேயே 18 கிரெடிட் எடுக்கலாமா?

வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இடையில் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். மகள் இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள், டாக்டராக வேண்டும் என்பது ஆசை, அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவக் கல்லூரியில் சேரத் தயாராகும் ப்ரீமெட் மாணவி. பள்ளியிலேயே கல்லூரி அளவில் எழுதும் ஏ.பி. தேர்வுகளில் (5-தான் உச்ச மதிப்பெண்) கெமிஸ்ட்ரியிலும் கால்குலஸ் பி.சி.யிலும் 5, பயாலஜியில் 4. அந்தத் தைரியத்தில் முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஃபிசிக்ஸ், கால்குலஸ் மூன்று, ஒரு ஹானர்ஸ் செமினார் என்று 18 கிரெடிட் போட்டு வைத்திருக்கிறீர்கள். இதே வேகத்தில் போனால் மூன்றே வருடத்தில் பட்டம், ஒரு வருடக் கட்டணம் மிச்சம், இது சரியா என்கிறீர்கள். 18 கிரெடிட்டைத் தாங்குவாளா என்று கேட்டிருந்தாலும், அவசரம் காட்டினால் லாபமா நஷ்டமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. என் பதில்: நஷ்டம்தான் அதிகம். 14 கிரெடிட்டில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாக முதல் இரண்டு ஆண்டு மாணவர்களுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன், கூடவே ப்ரீமெட் மாணவர்களுக்கு அட்வைசராகவும் இருந்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரிகளின் அட்மிஷன் கமிட்டியில் உட்கார்ந்ததில்லை. அதனால் வகுப்பறையில் நடப்பதையும் விதிமுறைகளையும் உறுதியாகச் சொல்வேன். கமிட்டி எதை எப்படி எடை போடும் என்பதில் நான் சொல்வது விண்ணப்பித்த மாணவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துப் பார்த்து வந்த அபிப்பிராயம். அந்த இடங்களில் அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். ப்ரீமெட் என்று ஒரு பட்டப்படிப்பு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கிடையாது. எந்த மேஜர் (முக்கியப் பாடம்) வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களையும் சேர்த்து முடிக்க வேண்டும். ஒரு வருடம் பயாலஜி, ஒரு வருடம் ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஒரு வருடம் ஆர்கானிக் (சில இடங்களில் ஒரு செமஸ்டர் போதும்), ஒரு வருடம் ஃபிசிக்ஸ், இவை எல்லாமே லேபோடு. மேலே ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி, ஆங்கிலம் அல்லது எழுத்துப் பயிற்சி, கொஞ்சம் கணிதம் அல்லது ஸ்டாடிஸ்டிக்ஸ். கல்லூரிக்குக் கல்லூரி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதற்கு ஏ.ஏ.எம்.சி. (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம்) நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற தளத்தில் ஒவ்வொரு கல்லூரியாகத் தேடிப் பார்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் வரும் பட்டியலை நம்பிப் பாடம் எடுக்காதீர்கள்.

அடுத்தது ஜி.பி.ஏ., அதாவது 4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி. எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் ஆள் எடுக்கின்றன (டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்கும் டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளுக்கும் வேறு விண்ணப்பம்). ஆம்காஸ் உங்கள் மகள் படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும் (மதிப்பெண் பட்டியல்) வாங்கி, தானே மறுபடி கணக்குப் போடும். ஹைஸ்கூலில் இருந்தபோதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த டூயல் என்ரோல்மென்ட் பாடங்கள்கூட அதில் வரும். மொத்த ஜி.பி.ஏ. தனியாகவும், பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணிதம் நான்குக்கும் சேர்த்து இன்னொரு ஜி.பி.ஏ. தனியாகவும் வரும். ஒரு பாடத்தில் சி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கினால், பல்கலைக்கழகம் பழையதை நீக்கியிருந்தாலும் ஆம்காஸ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். அந்த சி எங்கும் போகாது.

ஊரில் படித்து வந்த நமக்கு இது மனதில் பதிய நாளாகும். பிளஸ் டூ கட் ஆஃப் காலமோ, 2017-லிருந்து நீட் காலமோ, நமக்குக் கடைசிப் பரீட்சை ஒன்றுதான் கணக்கு. காலாண்டில் கோட்டை விட்டாலும் அரையாண்டில் தடுமாறினாலும் அது எங்கேயும் ஏறாது. கடைசி ஆறு மாதம் உட்கார்ந்து படித்துப் பிடித்துவிடலாம். இங்கே பதினெட்டு வயதில், வீட்டை விட்டு முதல்முறை வந்து, ரூம்மேட்டோடு ஒத்துப்போகவும் துணி துவைக்கவும் கற்றுக்கொண்டிருக்கும் அந்த முதல் செமஸ்டரின் கிரேடும், நான்காம் ஆண்டின் கிரேடும் ஒரே தராசில்தான் நிற்கும்.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். முதல் செமஸ்டரில் 16 கிரெடிட் எடுத்து 2.9 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில், அதாவது விண்ணப்பிக்கும்போது, 90 கிரெடிட்டுக்கு 3.7 வேண்டும் என்றால், மீதி 74 கிரெடிட்டில் சராசரி 3.87 வாங்க வேண்டும். ஏ மைனஸ் என்றாலே 3.7தான். ஆக ஐந்து செமஸ்டர் தொடர்ந்து, ஆர்கானிக், ஃபிசிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி எல்லாவற்றையும் தாண்டி, பெரும்பாலும் முழு ஏ. முடியாதது இல்லை, செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். 3.7 ஏன் என்றால், சமீப வருடங்களில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி அதற்கும் மேல், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் சராசரி 511, 512 பக்கம். ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள்.

இப்போது அந்த 18 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் படிப்பு என்பது இங்கே அரசாங்கமே வைத்திருக்கும் அளவு. 18 கிரெடிட்டுக்கு வாரம் 54 மணி நேரம் ஆகிறது. அதிலும் லேப் இருக்கிறதே, அது கிரெடிட் கணக்கில் ஏமாற்றிவிடும். ஆர்கானிக் லேபுக்கு ஒரே ஒரு கிரெடிட்தான். ஆனால் மதியம் ஒன்றரைக்கு உள்ளே போனால் வெளியே வர ஐந்தைத் தாண்டும். அதற்கு முதல் நாள் இரவே லேப் நோட்டில் வினையை எழுதி, ஒவ்வொரு பொருளின் மூலக்கூறு எடை, கொதிநிலை, எவ்வளவு மில்லிமோல், என்ன ஆபத்து என்று அட்டவணை போட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டோம். முடிந்த பிறகு ரிப்போர்ட். அறிக்கை எழுதத் தெரியாத முதலாண்டு மாணவருக்கு அது மட்டுமே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். உங்கள் பட்டியலில் இப்படி மூன்று லேப் இருக்கின்றன. மூன்று மதியங்கள் மொத்தமாகப் போய்விடும், வேறு எதைக் குறைத்தாலும் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. அதனால் நான் அட்வைஸ் செய்யும்போது கிரெடிட்டை எண்ணுவதைவிட லேபைத்தான் எண்ணுவேன். முதல் செமஸ்டரில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதன் பிறகும் எந்தச் செமஸ்டரிலும் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது ஆறாவது வாரத்தில் எல்லாப் பாடத்துக்கும் முதல் மிட்டெர்ம் ஒன்றாக வந்து விழும். இதை முன்கூட்டியே பார்க்கலாம். முதல் வாரம் சிலபஸ் கையில் வந்ததும் எல்லாப் பரீட்சைத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் போதும். ஒரே 48 மணி நேரத்துக்குள் மூன்று மிட்டெர்ம் வந்தால், இரண்டாவது வாரத்துக்குள் ஒரு பாடத்தை டிராப் செய்யலாம், டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அந்தக் கெடு பல இடங்களில் முதல் ஒன்றிரண்டு வாரத்தோடு முடிந்துவிடும் என்பதால்தான் முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்கிறேன்.

ஏ.பி. கெமிஸ்ட்ரியில் 5 வாங்கியிருப்பதால் ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் தாண்டி நேராக ஆர்கானிக் போகலாமா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களே ஆர்கானிக்கில் ஆரம்பிப்பது பல காலமாக நடக்கிறது, அதனால் முதலாண்டில் ஆர்கானிக் என்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள். ஏ.பி. கிரெடிட் ஜி.பி.ஏ.யில் சேராது. அவள் ஏற்கனவே நன்றாக அறிந்த பாடத்தில் வாங்கியிருக்கக்கூடிய ஏ-யை விட்டுவிட்டு, வகுப்பில் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டு மாணவர்களாக இருக்கும் பாடத்தில் போய் உட்காருகிறாள். அப்புறம், எல்லா மருத்துவக் கல்லூரியும் ஏ.பி.யை ஏற்றுக்கொள்வதில்லை. சில ஏற்கும், சில அதற்குப் பதிலாக மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கேட்கும். மறுபக்கம், ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுத்தால் பல பல்கலைக்கழகங்களில் அந்த ஏ.பி. கிரெடிட் பறிபோகும், நீங்கள் நினைத்த கட்டண மிச்சமும் போகும். என் சொந்த அபிப்பிராயம் இது: பள்ளியில் லேப் ஒழுங்காகச் செய்து, ஏன் இந்த வினை இப்படிப் போகிறது என்று கேட்டுப் படித்த பெண் என்றால் ஆர்கானிக் போகட்டும், ஆனால் அந்தச் செமஸ்டரில் வேறு எந்த லேபும் வேண்டாம். ஃபார்முலாவை மனப்பாடம் செய்து 5 வாங்கியவள் என்றால் ஜெனரல் கெமிஸ்ட்ரியே எடுக்கட்டும். இது அவளுக்குத்தான் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது, அவளிடம் நேராகக் கேளுங்கள்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஆர்கானிக்கில் விழுகிறவர்கள் சோம்பேறிகள் கிடையாது. நூற்றுக்கணக்கான வினைகளை அட்டையில் எழுதி உருப்போட்டு வருவார்கள். வினாத்தாளில் அவர்கள் பார்த்தேயிராத ஒரு மூலக்கூறைக் கொடுத்து, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று வளைந்த அம்புக்குறி போடச் சொல்வோம். அட்டையில் அது இருக்காது. என் அறைக்கு வருபவர்களிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, நேற்று போட்ட அதே வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் போடச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது அம்புக்குறியிலேயே நின்றுவிடுவார்கள். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டதால் புரிந்த மாதிரியே இருந்திருக்கிறது. இந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு மாதம் ஆகும், அந்த இரண்டு மாதத்துக்கு அவளுக்கு நேரம் வேண்டும். 18 கிரெடிட்டில் அந்த நேரம் கிடைக்காது.

பாடங்களின் வரிசையைச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரிதான் நீளமான சங்கிலி: ஜெனரல் இரண்டு, ஆர்கானிக் இரண்டு, அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. அதனால் கெமிஸ்ட்ரியை மட்டும் முதல் செமஸ்டரிலிருந்து விடாமல் கொண்டுபோக வேண்டும், மற்றவற்றை அதைச் சுற்றி இடம் பார்த்துப் போடலாம். பயாலஜி இரண்டாவது செமஸ்டரில் தொடங்கலாம். ஃபிசிக்ஸுக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை, எம்கேட் எழுதுவதற்கு முன் முடித்தால் சரி, பெரும்பாலான கல்லூரிகளுக்கு அல்ஜீப்ரா வழி ஃபிசிக்ஸே போதும். கால்குலஸ் மூன்றை மருத்துவக் கல்லூரிகள் பொதுவாகக் கேட்பதில்லை, எம்கேட்டில் கால்குலஸே கிடையாது. கணிதத்தின் மேல் உண்மையான ஆசை இருந்தால் எடுக்கட்டும், இல்லையென்றால் பின்னால் ஒரு ஸ்டாடிஸ்டிக்ஸ் போட்டால் படிக்கும் காலத்துக்கும் பின்னால் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கும் காலத்துக்கும் உதவும்.

காலியாகும் இடத்தில் சைக்காலஜியோ சோஷியாலஜியோ போடுங்கள். 2015-ல் எம்கேட்டை மாற்றியமைத்தபோது இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு தனிப் பகுதி வந்துவிட்டது, மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு. நம் பெற்றோர் பலர் இதைப் பாடமாகவே மதிப்பதில்லை. அதேபோல் கார்ஸ் என்ற வாசிப்புப் பகுதி, 90 நிமிடத்தில் 53 கேள்வி, தத்துவம், கலை, சமூகம் என்று எதைப் பற்றியாவது ஒரு பத்தியைக் கொடுத்து அதில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்லச் சொல்வது. மற்ற மூன்று பகுதியிலும் நல்ல மதிப்பெண் எடுத்து இதில் வழுக்கிய நம் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்குக் கடைசி மூன்று மாதப் பயிற்சி அவ்வளவாகக் கைகொடுக்காது, வருடக்கணக்கில் நிறைய வாசித்து எழுதியவர்களுக்குத்தான் வருகிறது. ஆகவே அந்த ஹானர்ஸ் செமினாரை எடுத்துவிடாதீர்கள், உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். சின்ன வகுப்பு, ஒரு பேராசிரியர் அவளைப் பெயர் சொல்லி அறிந்துகொள்வார், பின்னால் சிபாரிசுக் கடிதம் கேட்க ஆள் இருக்கும். அறிவியல் அல்லாத பாடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்கும் கல்லூரிகள் நிறைய. மேஜரும் அப்படித்தான், பயாலஜி எடுத்தால்தான் சீட் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏ.ஏ.எம்.சி. ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையைப் பார்த்தால் இலக்கியம், தத்துவம் போன்ற கலைத்துறை மேஜர்களும், கணிதம், பௌதிக அறிவியல் மேஜர்களும் பின்தங்கவில்லை.

மூன்று வருடத்தில் முடிப்பது பற்றி. நேராக மருத்துவக் கல்லூரி போக வேண்டுமென்றால், இரண்டாம் ஆண்டு முடிந்த ஜூன் மாதமே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் முடிந்து, எம்கேட் எழுதி, மருத்துவமனையில் தொண்டு செய்து, ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கொஞ்ச காலம் இருந்து, மூன்று பேரிடம் கடிதமும் வாங்கியிருக்க வேண்டும். நான்கு செமஸ்டர் கிரேடு மட்டும்தான் கமிட்டியின் கையில் இருக்கும். இது கமிட்டிக்கு எப்படித் தோன்றும் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் மாணவர்களில் இப்படி அவசரப்பட்டவர்கள் பலர் முதல் முறை கிடைக்காமல் ஒரு வருடம் கழித்துத்தான் போனார்கள், மிச்சப்படுத்திய வருடம் அங்கேயே செலவாகிவிட்டது. இப்போது சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டம் வாங்கி ஒரு வருடமாவது கழித்தே சேர்கிறார்கள், சேரும்போது சராசரி வயது 24. உங்கள் மகள் எந்த ரயிலையும் தவறவிடவில்லை. பணம்தான் காரணம் என்றால், மூன்றரை வருடத்தில் முடிப்பது, கோடையில் ஸ்டாடிஸ்டிக்ஸ், சோஷியாலஜி மாதிரிப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் எடுப்பது என்று மென்மையான வழிகள் இருக்கின்றன. ஆர்கானிக்கை மட்டும் எட்டு வாரக் கோடை வகுப்பில் எடுக்க வேண்டாம்.

அவசரத்துக்கு வேறு ஒரு காரணம் இருந்தால் அதுவும் தெரிய வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் வீடுகளில் இது பலருக்கு இருப்பதால் சொல்கிறேன். எச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு) வரிசையில் காத்திருக்கும் குடும்பம் என்றால், மகளுக்கு 21 வயதானால் அவளுடைய எச்4 (எச்1பி-யில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) முடிந்துவிடும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக மாநிலக் கல்லூரிகள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களைத்தான் எடுக்கின்றன. மற்றவர்களை எடுக்கும் கல்லூரிகளும் உண்டு, எண்ணிக்கை குறைவு, எம்.எஸ்.ஏ.ஆரில் அதையும் பார்க்கலாம். மூன்று வருடத்தில் பட்டம் வாங்குவது இதைத் தீர்க்காது. இந்த ஒன்றுக்கு என் பேச்சைக் கேட்காமல் இமிக்ரேஷன் வக்கீலை இப்போதே பாருங்கள், மூன்றாம் ஆண்டில் பார்த்தால் வழிகள் குறைந்திருக்கும்.

செமஸ்டர் நடுவில் தடுமாறினால் என்ன செய்வது என்றும் சேர்த்துக்கொள்கிறேன். முதல் மிட்டெர்மில் வகுப்புச் சராசரிக்குக் கீழே போனால் அந்த வாரமே பேராசிரியரின் ஆபீஸ் ஹவருக்கு (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரம்) போகச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு நவம்பரில்தான் வருகிறார்கள். இரண்டாவது மிட்டெர்மும் சரியில்லை, கெடு இன்னும் முடியவில்லை என்றால் வித்ட்ரா செய்யலாம், டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ என்று வரும், ஜி.பி.ஏ.யைத் தொடாது. ஒரே ஒரு டபிள்யூவால் யாருடைய கனவும் போனதை நான் பார்க்கவில்லை. மூன்று நான்கு சேர்ந்தால் கேள்வி வரும் என்பது என் கணிப்பு. வித்ட்ரா செய்தால் 12 கிரெடிட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முழுநேர மாணவர் என்ற கணக்கும் உதவித்தொகையும் அதில்தான் நிற்கின்றன. 14-ல் ஆரம்பிப்பவருக்கு இங்கே கொஞ்சம் இடைஞ்சல் உண்டு, நான்கு கிரெடிட் பாடத்தை விட்டால் 10 ஆகிவிடும். அதனால் செமஸ்டர் நடுவில் தொடங்கும் ஒன்றிரண்டு கிரெடிட் குறும்பாடங்கள் உண்டா என்று அட்வைசரிடம் முன்பே கேட்டு வைக்கட்டும்.

உங்கள் மகளுக்கு நான் போடும் பட்டியல் இதுதான்: லேபோடு கெமிஸ்ட்ரி (ஜெனரலா ஆர்கானிக்கா என்பதை அவள் முடிவு செய்யட்டும்), சைக்காலஜி, எழுத்துப் பயிற்சி, செமினார், கூடவே மேஜருக்கான ஒரு பாடம், லேப் இல்லாதது. 14, மிஞ்சினால் 15. முதல் செமஸ்டர் நன்றாகப் போனால் அடுத்ததில் பயாலஜியைச் சேர்த்து 16-க்குப் போகலாம், வாரம் மூன்று நான்கு மணி நேரம் மருத்துவமனைத் தொண்டுக்கும் அப்போதே இடம் ஒதுக்கிவிடலாம். ஓரியன்டேஷனில் அட்வைசரைப் பார்க்கும்போது இந்த மூன்றை அவளே கேட்கட்டும், நீங்கள் வெளியே காத்திருங்கள்: ஏ.பி. கிரெடிட்டை வைத்துக்கொண்டே ஜெனரல் கெமிஸ்ட்ரி எடுக்க முடியுமா, டிராப் கெடுவும் வித்ட்ரா கெடுவும் எந்தத் தேதி, ஆர்கானிக் லேபை அதே செமஸ்டரில் எடுத்தாக வேண்டுமா அல்லது அடுத்ததில் எடுக்கலாமா. சில இடங்களில் தள்ளி எடுக்க விடுவார்கள், அப்படியென்றால் என் பட்டியல் இன்னும் லேசாகும். அவர் சொன்ன பதிலையும் பாட எண்களையும் இங்கே போடுங்கள், அந்த சிலபஸ்களைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.